பழைய டிராக்டரின் ஒலிகளைக் கேட்டறிதல்

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களின் வழியே நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருத்தல் கூடும். வண்டியிலிருந்து இறக்கிய கருங்கல்லைச் சிற்பி உடனே செதுக்கத் தொடங்குவதில்லை. சிறு சுத்தியலால் அதனைப் பல இடங்களில் தட்டிச் செவி கொடுத்துக் கேட்கிறார். மணியோசை போல் தெளிவாக ஒலிக்கும் கல்லை ஏற்கிறார். ஓசை மந்தமாக வந்தால், உள்ளே பிளவு இருத்தல் கூடும் என்று அதனை ஒதுக்கி வைக்கிறார். சிற்பப் பயிற்சிக்கென அவ்வூரில் 1957-ஆம் ஆண்டு அரசு கல்விநிலையம் ஒன்றைத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கைவினைஞர் வழிவழியாகப் போற்றி வந்த முறை இது.

நம் சங்கத்து நெசவாள அங்கத்தினர்களுக்கும் இது புதிதன்று. நாடா ஓடும் ஓசையில் சிறிது மாறுதல் தோன்றினாலும், கண்ணால் காண்பதற்கு முன்னரே தறியில் ஏதோ பிசகு என்று அவர்களுடைய காது சொல்லிவிடுகிறது. இத்தகைய செவியறிவை உழவு இயந்திரத்திற்கும் பயன்படுத்துவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

பழைய டிராக்டரை வைத்து உழவு செய்யும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர். 1960-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய டாபே நிறுவனத்தின் மாசே பெர்குசன் டிராக்டர்கள் இப்பக்கத்துக் கிராமங்களில் மிகுதி. செம்பியத்துச் சிம்சன் ஆலையின் டீசல் இஞ்சின்களைப் பூண்டவை அவற்றுட் பல. நன்கு பேணினால் பல்லாண்டு உழைக்கக்கூடியவை. பேணுதல் என்பதில் எண்ணெய் மாற்றுவது ஒரு பாதி. காது கொடுத்துக் கேட்பது மறு பாதி.

இயல்பான ஒலி எது?

கெட்ட ஒலியை அறிய விரும்புபவர் முதலில் நல்ல ஒலியைப் பழகிக்கொள்ள வேண்டும். டீசல் இஞ்சினில் நெருப்புப்பொறி இல்லை. சிலிண்டருள் காற்று கடுமையாக அமுக்குண்டு கொதிநிலைக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் டீசல் தூவப்பட்டவுடன் தானே பற்றி எரிகிறது. ஆதலின் 'டக் டக்' என்ற தட்டொலி டீசல் இஞ்சினுக்கு இயற்கையே. குளிர்ந்த காலையில் அது சற்று உரக்கக் கேட்கும். இஞ்சின் சூடேறியதும் தணியும். இதனை நோய் என்று கருத வேண்டா.

அடுத்து, தாளக் கணக்கை அறிதல் வேண்டும. நமது டிராக்டர் இஞ்சின்கள் நான்கு வீச்சு இஞ்சின்கள். கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை எரிதல் நிகழும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட்டும் அதில் பாதி வேகத்திலேயே சுற்றுகிறது. நிமிடத்திற்கு 600 சுற்று என்ற மெதுவான ஓட்டத்தில் கிராங்க் ஷாப்ட் நொடிக்குப் பத்து முறை சுழலும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐந்து முறை திறக்கும். எனவே விரைந்த தட்டொலி கிராங்க் ஷாப்ட்டைச் சார்ந்தது என்றும், அதில் பாதி வேகத்தில் வரும் தட்டொலி வால்வையோ எரிதலையோ சார்ந்தது என்றும் முதற்கண் பிரித்துக்கொள்ளலாம். பழகிய காதுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும்.

கேட்பதற்கு முன் காத்துக்கொள்ளுதல்

ஓடும் இயந்திரத்தின் அருகே குனிந்து காது கொடுப்பது அபாயம் கலந்த வேலை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுக. வேட்டியை இறுக மடித்துக் கட்டுக. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் இட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுக்கவும். கலப்பையைத் தரையில் இறக்கிவிடுக. பி.டி.ஓ. ஷாப்ட் சுழலும்போது அதன் பக்கம் எவரும் நிற்கலாகாது. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள நச்சுக் காற்று மணமின்றியே உயிரைப் போக்கும்.

கருவி ஒன்றே போதும். முழ நீளமுள்ள உலர்ந்த மரக்குச்சி அல்லது நீண்ட திருப்புளி. அதன் ஒரு முனையை இயந்திரத்தின் அசையாத பகுதியில் ஊன்றி, மறுமுனையிலுள்ள கைப்பிடியைக் காதருகே எலும்பில் பொருத்தினால் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரியும். விசிறியையும் பெல்ட்டையும் விட்டு விலகியே இதனைச் செய்க. காற்றில் பரவும் ஒலியைக் கேட்பதற்கு ஒரு கஜ நீளமுள்ள ரப்பர்க் குழாயும் உதவும்.

நான்கு கேள்விகள்

மருத்துவர் நோயாளியை வினவுவது போல, ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடுகையில் ஒலி கேட்கிறதா, வண்டி ஓடும்போது மட்டும் கேட்கிறதா?

2. இஞ்சின் குளிர்ந்திருக்கையில் மிகுதியா, சூடேறிய பின் மிகுதியா?

3. பாரம் இழுக்கும்போது பெருகுகிறதா, வேகத்தைத் திடீரெனக் குறைக்கும்போது பெருகுகிறதா?

4. கிளட்ச், பிரேக், ஹைட்ராலிக் லீவர் இவற்றுள் எதனை இயக்கினால் ஒலி மாறுகிறது?

இவற்றின் விடைகளே நோய் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். இத்துடன் எண்ணெய் அளவுகோலையும் எண்ணெய் அழுத்தக் காட்டியையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் மட்டுமன்று, கூடியிருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். டீசல் மணத்தோடு கூடியிருப்பின் டீசல் கலந்துள்ளது. மோர் போல் வெளுத்திருப்பின் தண்ணீர் கலந்துள்ளது. இரண்டும் பேரிங்குகளுக்குப் பகை.

இஞ்சினின் ஒலிகள்

எளியவற்றை முதலில் கருதுவோம். செலவு குறைந்த காரணத்தை முதலில் ஆராய்வதே முறை. பெல்ட் கிறீச்சிட்டதற்காக இஞ்சினைப் பிரித்து வீண் செலவு செய்தவர்களும் உண்டு.

கிறீச்சொலி: வேகம் கூட்டும்போது கிறீச்சென்ற ஒலி வந்தால் பேன் பெல்ட்டை நோக்குக. இஞ்சினை நிறுத்தியபின் கட்டை விரலால் அழுத்துகையில் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வது நலம். பெல்ட் சரியாக இருந்தும் உறுமல் நீடித்தால், குளிர்ந்த இஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒலி மறைந்தால் வாட்டர் பம்ப் அல்லது டைனமோவின் பேரிங் தேய்ந்தது என்க. பெல்ட் இன்றி நீண்ட நேரம் ஓட்டலாகாது. தண்ணீர் சுற்றாமல் இஞ்சின் சூடேறிவிடும்.

புஸ்ஸொலி: பாரம் ஏறும்போது 'புஸ் புஸ்' என்று தாளத்தோடு காற்று வெளியேறினால் எக்சாஸ்ட் மேனிபோல்ட்டின் கேஸ்கெட் போயிருக்கும். இணைப்பைச் சுற்றிக் கரிப்படிவு இருப்பது இதற்குச் சான்று. ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். ஆறிய பின் திறந்து, பிறகு இஞ்சினைக் கிளப்பிப் பார்க்கவும்.

மெல்லிய 'டிக் டிக்': இஞ்சினின் மேல்மூடிப் பக்கம் பாதித் தாளத்தில் வரும் மெல்லொலி டேப்பட் இடைவெளி மிகுந்துவிட்டதன் அறிகுறி. பல இஞ்சின்களில் இவ்விடைவெளி 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவையும், அதனைக் குளிரில் பார்ப்பதா சூட்டில் பார்ப்பதா என்பதையும் கைப்புத்தகத்திலிருந்து அறிக. ஒலியே கேட்கக் கூடாதென்று இடைவெளியை மிகக் குறைத்துவிடுவது பெரும் பிழை. வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். சற்றே ஒலிக்கும் டேப்பட் ஒலியே இல்லாத டேப்பட்டைவிடப் பாதுகாப்பானது.

ஒரு சிலிண்டரில் மட்டும் கடுந்தட்டு: கரும்புகையோடு சேர்ந்து வரும் கூரிய தட்டொலிக்கு இஞ்செக்டரின் நாசில் கெட்டிருப்பது காரணமாகலாம். எல்லாச் சிலிண்டரிலும் ஒருங்கே தட்டினால், டீசல் பம்பு உரிய நேரத்திற்கு முன்னரே டீசலைச் செலுத்துகிறதா என்று பம்பு வேலை அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. மெதுவான ஓட்டத்தில், இஞ்செக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒரு சுற்று அளவே தளர்த்தினால் அச்சிலிண்டருக்கு டீசல் செல்லாது; அதன் எரிதல் நின்றுவிடும். ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் இறுக்கியும் பார்க்கையில், எதனைத் தளர்த்தியபோது தட்டொலி மறைகிறதோ அதுவே நோயுற்ற சிலிண்டர். மூன்று சிலிண்டர் இஞ்சினுக்கு இச்சோதனை சில நிமிட வேலையே. நட்டின் மீது துணி சுற்றிக்கொண்டு, முகத்தை விலக்கிச் செய்க. குழாயிலுள்ள டீசல் நூறு வளிமண்டலங்களுக்கும் மிகுந்த அழுத்தமுடையது. ஊசிபோல் பீறிடும் அத்தாரை தோலைத் துளைத்து உடலுள் புகும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பழக்கமில்லாதவர் இச்சோதனையைத் தாமே செய்யாமல் மெக்கானிக்கைக் கொண்டு செய்விக்கட்டும்.

வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற ஒலி: காலையில் கிளப்பியதும் கேட்டுச் சூடேறியதும் மறைவது பிஸ்டன் லைனரில் ஆடுவதால் எழுவது. தேய்மானத்தின் அடையாளமே; உடனடி அபாயம் அன்று. எண்ணெய்ச் செலவையும் புகையையும் கவனித்துக்கொண்டு, பருவம் முடிந்ததும் பழுது பார்க்கலாம். மெதுவான ஓட்டத்தில் இரட்டைத் தட்டாக ஒலிப்பது பிஸ்டன் பின் தளர்ந்தது. இதனை நெடுநாள் விட்டுவைத்தல் தகாது.

உலோகம் உலோகத்தில் மோதும் தெளிவான தட்டு: வேகத்தைக் கூட்டித் திடீரெனக் குறைக்கும் கணத்தில் மிகுந்து கேட்டால் அது பிக் எண்ட் பேரிங். மேற்சொன்ன நட்டுச் சோதனையில், அச்சிலிண்டரை நிறுத்தியதும் தட்டு தணியும்.

அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த 'தொம் தொம்': கலப்பை மண்ணில் இறங்கிப் பாரம் ஏறும்போது பெருகினால் மெயின் பேரிங் தேய்ந்துள்ளது. கிளட்ச்சை மிதித்தவுடன் இவ்வொலி மாறுமாயின் கிராங்க் ஷாப்ட் முன்பின் அசைகிறது என்று பொருள்.

இறுதியாகக் கூறிய இவ்விரண்டு ஒலிகளுள் எது கேட்டாலும், அதனோடு எண்ணெய் அழுத்தமும் தாழ்ந்திருந்தால், அந்த நொடியே இஞ்சினை நிறுத்துக. கொட்டகை வரை ஓட்டிச் செல்லவும் வேண்டா, இழுத்துச் செல்லுங்கள்.

கிளட்ச் முதல் பின் ஆக்சில் வரை

நின்ற நிலையில், கிளட்ச்சை மிதித்தபோது மட்டும் உராயும் ஒலி வந்தால் ரிலீஸ் பேரிங் கெட்டது. மிதிக்கும்போது மறைந்து, காலை எடுத்ததும் தோன்றினால் கியர் பெட்டியின் முன் ஷாப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

வண்டி ஓடுகையில் ஒரு கியரில் மட்டும் அரைபடும் ஒலி கேட்டால் அக்கியரின் பற்களே தேய்ந்தவை. எல்லாக் கியரிலும் கேட்டால் எண்ணெய் மட்டத்தையும் பொதுவான பேரிங்குகளையும் நோக்குக. இழுக்கும்போது ஒரு விதமாகவும், சரிவில் வண்டி தானே உருளும்போது வேறு விதமாகவும் உறுமினால் கிரவுன் பினியன். நேரே செல்கையில் மௌனமாக இருந்து, வளைவில் மட்டும் 'கடக் கடக்' என்றால் டிபரென்சியலுள் இருக்கும் சிறு கியர்கள்.

கலப்பையைத் தூக்கும்போது முனகும் ஒலி ஹைட்ராலிக் பம்பு எண்ணெய்க்கு ஏங்குவதைக் காட்டுகிறது. மாசே பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் இப்பம்பு பின் ஹவுசிங்கினுள் எண்ணெயில் மூழ்கியே இருக்கிறது, பி.டி.ஓ. லீவரே அதனை இயக்கத்தில் சேர்க்கிறது. கியர்களுக்கும் பம்புக்கும் எண்ணெய் ஒன்றே. ஆதலின் எண்ணெய் மட்டம், வடிகட்டி ஆகிய இரண்டையும் பார்த்த பின்னரே பம்பைக் கழற்ற எண்ண வேண்டும்.

முன் சக்கரத்தில் சுற்றுக்கொரு முறை கரகரப்பு வந்தால் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையினின்று எழுப்பி, கையால் சுழற்றியும் மேலும் கீழும் அசைத்தும் பார்க்கவும். ஆட்டமோ கரகரப்போ இருப்பின் ஹப் பேரிங்கைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் இட வேண்டும். கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேறு கலக்கியபின் இச்சோதனை இன்றியமையாதது.

கடலோரத்திற்குச் சில சொற்கள்

நமது கரையோரத்தில் இயந்திரத்திற்குப் பகைவர் மூவர்: உப்புக்காற்று, மணல், சேற்றுநீர். உப்புக்காற்று சைலன்சரையும் பேட்டரி முனைகளையும் அரிக்கிறது. புதிய இரைச்சல் கேட்டால் முதலில் சைலன்சர் ஓட்டையைத் தேடலாம். மணல் மிக மெல்லிய அரம் போன்றது. ஏர் கிளீனர் வழியே புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் லைனரையும் தேய்த்து, பழைய இஞ்சினை இன்னும் பழையதாக்கும். சவுக்குத் தோப்பு மணலிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் ஓட்டும் நாட்களில், எண்ணெய்க் கிண்ணமுள்ள ஏர் கிளீனரை ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்து, அழுக்கெண்ணெயை மாற்றுங்கள். இரவின் ஈரத்தால் டீசல் தொட்டியில் நீர் சேரும். வடிகட்டியின் அடியிலுள்ள நீரைத் தவறாமல் வடித்துவிடுக.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

இப்பாடத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை மறைக்காமல் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சொர்ணவாரிப் பட்டத்தின்போது, நான் நிர்வாகக் குழுவில் இருந்த சங்கம் ஒன்றின் பழைய டிராக்டர் நடவு வயல்களில் சேறு கலக்கிக்கொண்டிருந்தது. ஏரியில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாவர்க்கும் அவசரம். நடுப்பகலில் டிரைவர் வரப்பில் ஏறி வந்து, "ஐயா, அடியில் ஏதோ தட்டுகிறது, இப்போதே நிறுத்தினால் நல்லது" என்றார். "இன்னும் நான்கு ஏக்கர்தானே தம்பி, அதை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று விடை கூறியவன் நானே.

மூன்றாம் ஏக்கரில் இஞ்சின் இறுகி நின்றது. எண்ணெய் வடிகட்டி அடைபட்டு, பிக் எண்ட் பேரிங் உருகியிருந்தது. நிறுத்தச் சொன்ன வேளையில் நிறுத்தியிருந்தால் பேரிங் ஒன்றை மாற்றுவதோடு போயிருக்கும் என்றார் மெக்கானிக். அதற்குள் கிராங்க் ஷாப்ட்டே கீறுண்டு, கடைந்து மெருகிட வேண்டியதாயிற்று. வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. குறுகிய வயதுடைய நெல்லின் நாற்று மூன்று வாரத்திற்கு மேல் நாற்றங்காலில் நின்றால் நட்டபின் தூர் கட்டுவது குன்றும் என்பதை அங்கத்தினர் அறிவர். வரிசையில் கடைசியாக இருந்தவர்கள் சிறு நிலத்தவர். வேறு வண்டி பிடிக்கப் பணம் இல்லாதவர். எனது அவசரத்தின் விலையை அவர்களுடைய களத்துமேடு கொடுத்தது.

ஒலியைக் கேட்க அன்று காது இல்லாமற் போகவில்லை. டிரைவருக்குக் கேட்டது. கேட்டதைச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. சொன்னவரின் சொல்லுக்கு மதிப்பு இல்லாமற் போனதே குறை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய திரூரில் 1904-ஆம் ஆண்டு கிராமக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது நாட்டின் முதற் சங்கங்களுள் ஒன்று. ஒருவனால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே அன்றும் இன்றும் கூட்டுறவின் பொருள். பொது இயந்திரத்தைப் பேணுவதும் அவ்வாறே. பின்வரும் மூன்று விதிகளைச் சங்கங்கள் மகாசபையில் வைத்துத் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவது: ஒவ்வொரு பொது டிராக்டருக்கும் ஒரு குறிப்பேடு. எண்ணெய் மட்டம், ஓடிய மணி, கேட்ட புதிய ஒலி ஆகிய மூன்றையும் டிரைவர் நாள்தோறும் அதில் எழுதுவார். காரியதரிசி வாரந்தோறும் பார்த்துக் கையொப்பமிடுவார்.

இரண்டாவது: அபாய ஒலி கேட்டால் எவரையும் கேளாமல் வண்டியை நிறுத்தும் உரிமை டிரைவருக்கு உண்டு. அதன் பொருட்டு அவர் கூலி குறைக்கப்படலாகாது. நிறுத்தியது வீண் என்று பின்னர்த் தெரியவந்தாலும் அவரைக் கடிந்துகொள்ளுதல் கூடாது. பத்து முறை வீணாக நிறுத்தினாலும், பதினொன்றாம் முறை ஒரு கிராங்க் ஷாப்ட் பிழைக்கும்.

மூன்றாவது: பட்டம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே வண்டியைக் காலையிலும் சூடேறிய பின்னும் ஓட்டிக் கேட்டு, குறைகளைத் தீர்த்தல். அவ்வேளையில் பக்கத்துச் சங்கத்தோடும், வாடகைக்கு இயந்திரம் அளிக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தோடும் தொடர்பு கொண்டு, நமது வண்டி நின்றுபோனால் மாற்று எது என்பதையும் முன்கூட்டியே அறிந்து வைத்தல்.

பயிற்சி வினாக்கள்

1. நிறுத்திய வண்டியில், கிளட்ச்சை மிதித்ததும் மறையும் ஒலி எங்கிருந்து பிறக்கிறது?

2. மேல்மூடியில் கேட்கும் ஒலி, நட்டுச் சோதனையில் மூன்று சிலிண்டரிலும் மாறவில்லை. அது நாசிலா, டேப்பட்டா? ஏன்?

3. எண்ணெய் மட்டம் உயர்ந்துள்ளது. டீசல் மணம் வீசுகிறது. அவ்வண்டியை வயலுக்கு அனுப்பலாமா?

4. உங்கள் சங்கத்து டிரைவர் கடைசியாக ஒரு குறையைச் சொன்னது எப்போது? அதற்கு என்ன விடை கூறினீர்கள்?

முதல் மூன்றுக்கும் விடை இப்பாடத்திலேயே உள்ளது. நான்காவதற்கு உரிய விடையை அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தில் கூடி எண்ணிப் பார்ப்பார்களாக.